மெஷின் ஓடுகிற வரை

ஜூன் 9, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நான் போல்ட்டு. உங்கள் அக்காவின் மூத்த பெண். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் கிடையாது. இப்போது பதினாலு.

அப்பா இறந்தபோது நீங்கள் எழுதிய கடிதத்தை அம்மா பிரிக்கவே இல்லை. ஆனால் தூக்கியும் போடவில்லை. உறையின் பின்பக்கத்தில் உங்கள் முகவரி இருந்தது. நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போன் அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கும். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் லேத் பட்டறையை இப்போது அம்மாதான் நடத்துகிறார். வீடும் பட்டறையும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு கதவு. அம்மா தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான், தங்கைக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: உடம்பிலிருந்து எதுவும் தொங்கக் கூடாது. முடி, நாடா, ரிப்பன், கொசுவம், ஒன்றும் கூடாது. "சுத்துற மெஷின் ஆம்பளை பொம்பளைன்னு பாக்காது, புடிச்சா இழுத்துடும்" என்பார். நான் பழகிவிட்டேன். எனக்கு எதுவும் வேண்டாம்.

நட்டுவுக்காகத்தான் எழுதுகிறேன். நட்டு என் தங்கை. நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை. ஜூலை 30 வந்தால் அவளுக்கு ஐந்து வயது. அம்மா அவளுக்கு விளையாடப் பித்தளையில் ஒரு பெரிய போல்ட் கடைந்து கொடுத்தார். அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் போட்டுத் தாலாட்டினாள். "இரும்புக்கடைக்காரன் பேத்தி மாதிரி போல்ட்டுக்குத் தாலாட்டா?" என்று அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

போன வாரம் பட்டறைத் தரையிலிருந்து இரும்புச் சுருள்களைப் பொறுக்கியிருக்கிறாள். கடையும்போது நீலமாகவும் பளபளப்பாகவும் சுருண்டு விழுமே, அவைதான். இரண்டு கையிலும் வளையலாகப் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டு முழுக்க அறுத்துவிட்டது. ரத்தம் வழிய என்னிடம் வந்து, "அழகா இருக்கா அக்கா?" என்று கேட்டாள். அழவே இல்லை.

பாலர் பள்ளியில் புது டீச்சர் அவளைப் பையன்கள் வரிசையில் நிற்க வைத்துவிட்டார். "நான் பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள், "பொண்ணுன்னா கவுன் எங்க? முடி எங்க?" என்று கேட்டிருக்கின்றன. அன்றிலிருந்து ராத்திரி ராத்திரி ஒரே கேள்வி: "அஞ்சு வயசு ஆனா நான் பையனா மாறிடுவேனா அக்கா?" அப்படியெல்லாம் மாறாது என்று சொன்னேன். "உனக்கெப்படித் தெரியும்? நீயே பாதி மாறிட்ட" என்கிறாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவுன் வேண்டும் சித்தி. அவள் நம்பும்படியான கவுன். பதிலை என் வகுப்புத் தோழி சோடாபுட்டியின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், கீழே எழுதியிருக்கிறேன். கண்ணாடிதான் தடிமன், ஆனால் அவள் ரகசியம் காப்பாள்.

அம்மா இருமுகிறார். விளக்கை அணைக்க வேண்டும்.

போல்ட்டு


ஜூன் 20

என் போல்ட்டுக் கண்ணு,

கடிதத்தைப் பிரித்ததும் யார் எழுத்து என்று தெரியாமல் பயந்தே போனேன். இங்கே எனக்குக் கடிதம் வந்தால் வேலையை விட்டு நிறுத்துகிற கடிதமாகத்தான் இருக்கும்.

என்னிடம் போய்க் கவுன் கேட்கிறாய். பஞ்சு மிட்டாய்க்காரனிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்ட மாதிரி இருக்கிறது. நான் வேலை பார்ப்பது குழந்தைத் துணி தைக்கிற கம்பெனியில்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாவாடைக்குச் சுருக்கம் வைப்பதே என் வேலை. நாலு வருஷமாக ரோஸ் கலர். மூக்கைச் சிந்தினால்கூட ரோஸ்தான் வருகிறது. என் வரிசையில் நாற்பது பெண்கள், ஒருத்தியும் தன் பிள்ளைக்கு அந்தக் கலரில் எடுக்க மாட்டாள்.

ஆனால் நான் அனுப்ப மாட்டேன். உன் அம்மா முகத்தில் முழிக்கிற தைரியம் எனக்கில்லை. அவளுக்குப் பின்னால் நின்று அவள் பிள்ளைக்குத் துணி போட்டுவிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

உனக்கு ஒன்று தெரியுமா? உன் அம்மாவைப் போலக் கொசுவம் வைத்துத் தைக்க எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. எங்கள் அம்மா அப்பா போனபோது அக்காவுக்குப் பதினெட்டு, எனக்கு ஏழு. வெட்டுத்துணிக் கடையில் மிஞ்சினதை வாங்கி வந்து, ஏழு அடுக்கு வைத்து எனக்குக் கவுன் தைத்துக் கொடுத்தாள். நான் சுற்றினால் குடை மாதிரி விரியும். "இன்னொரு தரம் சுத்துடி" என்று அவளே கைதட்டுவாள். அந்தக் கைதான் இப்போது உங்கள் முடியை வெட்டிவிடுகிறது.

என்னை மன்னித்துவிடு.

சித்தி

பின்குறிப்பு: தோள்பட்டையிலிருந்து முட்டி வரை எவ்வளவு, மார்புச் சுற்று எவ்வளவு என்று சும்மா எழுது. சும்மாதான் கேட்கிறேன்.


ஜூன் 29, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நட்டு தூங்கும்போது அளந்தேன். வீட்டில் துணி டேப் இல்லை, பட்டறையின் இரும்பு டேப்தான். ஜில்லென்று பட்டதும், "நான் பைப் இல்ல" என்று தூக்கத்திலேயே சொன்னாள். தோளிலிருந்து முட்டி வரை ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். மார்பு ஐம்பத்து நாலு. அம்மாவின் பிள்ளை என்பதால் மில்லிமீட்டர் வரை எடுத்தேன், ஆனால் அவள் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா தைப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் ஊசியே கிடையாது. பட்டன் அறுந்தால் ஸ்டேப்ளர்தான்.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்? அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். நட்டு ஒரு நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜடை என்று பின்னால் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா துண்டைப் பிடுங்கி, "ரிப்பனைக் காட்டினவன் பின்னாடி போனவ ஒருத்தியைப் பாத்தாச்சு, போதும்" என்றார். நட்டுவுக்குப் புரியவில்லை. எனக்குப் பாதிதான் புரிந்தது.

நட்டு வரிசையில் நிற்கவே இப்போது மறுக்கிறாள். இரண்டு வரிசைக்கும் நடுவில் தனியாக நிற்கிறாளாம்.

போல்ட்டு


ஜூலை 16

கண்ணு,

இதோடு அனுப்பியிருக்கிறேன். கம்பெனித் துணி இல்லை. வேலை முடிந்த பிறகு விடுதியில் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். என் அறைக்காரி, "யாருக்குடி கல்யாணம்?" என்று கேட்டாள். ரோஸ் கலர்தான், திட்டாதே. ஐந்து வயசுக்கு அந்த ஒரு கலர்தான் கண்ணுக்குத் தெரியும். ஐந்து அடுக்கு. பின்னால் கட்டிக்கொள்ள நீளமாக ஒரு நாடா வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்டது போக முட்டிக்குக் கீழே வரை தொங்கும். சின்ன வயசில் எனக்கு அப்படி ஒன்று வேண்டுமென்று இருந்தது. துணி போதாமல் அக்கா குட்டையாகத்தான் வைத்தாள்.

அறைக்குள் மட்டும் போட்டுவிடு. கதவைச் சாத்திவிட்டு. அம்மா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லி வை.

நீ கேட்டதற்குப் பதில். அவன் வளையல், ரிப்பன் விற்கிற கடை வைத்திருந்தான். எனக்குப் பதினேழு வயது. இரண்டே வருஷத்தில் என்னை விட்டுவிட்டுப் போனான், அதுவும் எல்லாருக்கும் தெரியும். அக்கா என்ன நினைக்கிறாள் என்றால், தான் என்னை அலங்கரித்து அலங்கரித்துக் கெடுத்துவிட்டதாக. நான் போனதற்கு ரிப்பன் காரணமே இல்லை கண்ணு. நான் பேசினால் அவன் கடைசி வரை கேட்டான். அக்காவுக்கு அப்போது இரண்டு இடத்தில் வேலை, கேட்க நேரமில்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் வலிக்கும், ரிப்பன் மேலேயே பழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது தப்பா சரியா என்று இன்னும் தெரியவில்லை.

சித்தி


ஜூலை 24, இரவு

சித்தி! சித்தி!

வந்துவிட்டது. சோடாபுட்டி புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள், இரண்டு நாள் அவள் புத்தகமே எடுத்து வரவில்லை.

நட்டுவுக்குப் போட்டுவிட்டேன். கையை உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு நின்றாள், ஈரப் பெயின்ட் அடித்த மாதிரி. அப்புறம் மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். "இப்ப மாற மாட்டேன்ல?" என்றாள். மாட்டாய் என்றேன். உட்கார்ந்து அழுதாள். கையை அறுத்துக்கொண்டபோது அழாதவள்.

தினமும் சாயங்காலம் போட்டுவிடுகிறேன். அம்மா எப்போது வருவார் என்கிற பயம் இல்லை, ஏனென்றால் எங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிற வரை அம்மா அங்கேதான் நிற்பார், இங்கே வர முடியாது. சத்தம் நின்றால் உடனே கழற்ற வேண்டும். நட்டு இதை நன்றாகக் கற்றுக்கொண்டாள். "மெஷின் ஓடுது, பயமில்ல" என்று அவளே பாட்டாகப் பாடுகிறாள். அம்மா கேட்டால், "அக்கா தரல, நானே எடுத்தேன்" என்று சொல்லவும் பழக்கியிருக்கிறேன். பத்துத் தடவை சொல்ல வைத்தேன். எனக்கு அவ்வளவு பயம்.

அவள் தூங்கிய பிறகு அதை என் தலை வழியாகப் போட்டுப் பார்த்தேன். காது வரைதான் வந்தது. சிரிக்காதீர்கள்.

போல்ட்டு


ஆகஸ்ட் 8

கண்ணு,

பிறந்தநாள் எப்படிப் போயிற்று? ஒரு வரி எழுதக்கூடாதா? சின்னவள் என்ன சொன்னாள்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் வாட்ச்மேனிடம் போய் நிற்கிறேன். "காதல் கடிதமா அக்கா?" என்று கேலி செய்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சித்தி


ஆகஸ்ட் 15, இரவு

சித்திக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்புவேனா என்றும் தெரியவில்லை.

ஜூலை 30 சாயங்காலம் நட்டுவுக்குப் போட்டுவிட்டேன். பிறந்தநாள் என்பதால் நாடாவைப் பெரிதாக முடிச்சுப் போட்டேன். கண்ணாடி எடுத்துவர அடுத்த அறைக்குப் போனேன், அவ்வளவுதான். அவள் நடுக்கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்குள் ஓடிவிட்டாள். ஐந்து வயது ஆகியும் தான் மாறவில்லை என்று அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால் பயமில்லை என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அம்மாவின் முன்னால் நின்று ஒரு சுற்று சுற்றியிருக்கிறாள்.

இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் தலை இருக்கிறதே, அதில் நாடா மாட்டிவிட்டது. நான் கதவுக்கு வந்தபோது, அம்மா இடது கையால் நட்டுவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டிருந்தார். ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருந்தது. போய் அணைக்க நேரம் இல்லை. துணி கிழிந்தது. நட்டுவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

அம்மா கத்தவில்லை. நான்தான் கத்தினேன். பக்கத்து வெல்டிங் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கட்டுப் போட்ட பிறகு அம்மா முதலில் கேட்டது, "யார் குடுத்தா?" என்றுதான். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் சித்தி. சத்தியமாக. ஆனால் வந்தது வேறு. "எனக்குத் தெரியாதும்மா. அவளே எங்கிருந்தோ எடுத்துட்டு வந்திருக்கா."

நட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நான் பழக்கியபடியே சொன்னாள். "அக்கா தரல. நானே எடுத்தேன்."

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

இப்போது அம்மா இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. நட்டு தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து அம்மாவின் கட்டுப் போட்ட கையையே பார்க்கிறாள். சிந்தியதைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டில் வைக்கிறாள். ராத்திரி என்னிடம், "அம்மா கையை நான்தான் வெட்டினேன்" என்று சொன்னாள். நான் தூங்குவது மாதிரி படுத்திருந்தேன்.

போல்ட்டு


ஆகஸ்ட் 21

போல்ட்டு,

படித்ததிலிருந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை. அந்த நாடா என் ஆசை. குழந்தைக்கு அது தேவையே இல்லை. அதைக் குட்டையாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அக்கா அன்றைக்குக் குட்டையாக வைத்தது துணி போதாமலா, இல்லை இதையெல்லாம் தெரிந்துதானா?

நான் கிளம்பி வருகிறேன். என்னை வாசலில் நிறுத்தி அடித்தாலும் பரவாயில்லை.

ஆனால் அதற்கு முன் நீ சொல்லிவிடு. உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, உன் வயசில் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன். இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு ஐந்து வயசுப் பிள்ளை தலையில் இதை வைத்துவிட்டு நீ தூங்குவது மாதிரி படுத்திருக்கக் கூடாது. அம்மாவிடம் உண்மையைச் சொல். சித்தி கொடுத்தாள், நான் போட்டுவிட்டேன் என்று சொல். அடித்தால் வாங்கிக்கொள்.

சித்தி


ஆகஸ்ட் 30, இரவு

சித்திக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா பட்டறையில் தனியாக உட்கார்ந்து இடது கையால் ஸ்பேனர் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். அந்த அடுக்கைப் பாத்ததுமே தெரியும். ஓரத்தை உள்பக்கமா ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைக்கிறது நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது."

ஆஸ்பத்திரியில் கேட்டபோதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது சித்தி.

"அப்புறம் ஏம்மா நட்டுகிட்ட ஒண்ணும் சொல்லல? அவ, தான்தான் பண்ணினேன்னு நினைச்சிட்டிருக்கா."

"நினைக்கட்டும்."

அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார். "உனக்குப் பதினாலு. ரெண்டு நாள் அழுதா உனக்குச் சரியாயிடும். அவளுக்கு அஞ்சு. சொன்னா புரியாது, பட்டாத்தான் புரியும். பட்டது என் விரல், அவளுக்கு ஒண்ணும் ஆகல. இனிமே ஜென்மத்துக்கும் தொங்குறது எதையும் தொட மாட்டா. என் தங்கச்சியை நான் பயமே தெரியாம வளத்தேன். இவளுக்காவது பயம் இருக்கட்டும். நீயும் வாயைத் திறக்காத."

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நீங்கள் வர வேண்டாம். உங்களைப் பற்றி அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "தனியாத்தான் இருக்காளா?" ஆமாம் என்றேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

போல்ட்டு


செப்டம்பர் 8

கண்ணு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவை எனக்குத் தெரியும். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கல்நெஞ்சமாக இருந்தால் சண்டை போடலாம்.

அம்மா சொன்னது அம்மாவோடு இருக்கட்டும். சின்னவளிடம் நீ சொல். ரகசியமாகவாவது. அவள் இது தெரியாமல் வளர்ந்தால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார். எனக்காகச் செய்.

சித்தி


செப்டம்பர் 17, இரவு

சித்திக்கு,

இன்று பாலர் பள்ளியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் போனேன். ஒட்டுவேலைக்குக் கொடுக்கிற சின்னக் கத்தரிக்கோலால் நட்டு ஒரு பெண்ணின் பாவாடை ஓரத்தை வெட்டியிருக்கிறாள். இன்னொருத்தியின் ரிப்பனையும். மூன்றாவது பெண்ணின் ஜடையைப் பிடித்திருந்தபோதுதான் டீச்சர் பார்த்திருக்கிறார். அடம் பிடிக்கவில்லையாம், கோபமாகவும் இல்லையாம். "தொங்குறத வெட்டிடு, இல்லன்னா உங்கம்மா கை போயிடும்" என்று ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் வெட்டினாளாம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே அழுகை.

டீச்சர் அம்மாவின் கையைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து மேசைக்குள் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா நட்டுவைத் தூக்கிக்கொண்டே நடந்தார், வழக்கமாகத் தூக்க மாட்டார்.

நீங்கள் சொன்ன மாதிரி இன்று படுத்ததும் அவளிடம் சொன்னேன். காதோடு காதாகச் சொன்னேன். அந்தக் கவுனைச் சித்தியிடம் நான்தான் கேட்டேன், நான்தான் போட்டுவிட்டேன், நான்தான் நாடாவைக் கட்டினேன், உன்னைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான், உன் மேல் தப்பே இல்லை என்று.

முழுவதும் கேட்டாள்.

"நீ சும்மா சொல்ற" என்றாள்.

"இல்லடி. சத்தியமா."

"நான் அழுவேன்னு சும்மா சொல்ற. நான் அழ மாட்டேன்."

"நட்டு, கவுனே நான் வாங்கினதுடி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு ஏதோ புரியவில்லை என்பது மாதிரி, அம்மா கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"பட்டறைக்குள்ள யார் ஓடினா? நீயா ஓடின?"

"இல்ல."

"சுத்தினது யாரு?"

நான் போர்வையை அவள் காலில் இழுத்துவிட்டேன்.

"அப்ப?" என்றாள். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "நீ தூங்கு அக்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இனி நீங்கள் வரலாம், வராமல் இருக்கலாம் சித்தி. வந்து தப்பு உங்களுடையது என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். உங்கள் கன்னத்தையும் தட்டிக்கொடுப்பாள்.

போல்ட்டு